பழைய பத்மினி காரை வீட்டிலேயே சீரமைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கார் 1984ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. அப்பா நாகப்பட்டினத்தில் ஓட்டிய வண்டி. அவருக்குக் கண்பார்வை குறைந்த பிறகு பல வருடம் கொட்டகையிலேயே நின்றது. திருச்சிக்குக் கொண்டுவந்து, வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்டு, நான்கு ஆண்டுகளில் அதை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்தேன். பெட்ரோல் பங்க்கிலும் டீக்கடை வாசலிலும் வண்டியைச் சுற்றி நின்று கேட்கப்பட்ட கேள்விகளே இங்கே இருக்கின்றன. பதில்கள் பத்மினியை வைத்துச் சொன்னவை. ஆனால் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள எந்தப் பழைய காருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பத்மினியும் ஃபியட்டும் ஒன்றா?

ஒன்றுதான். இத்தாலியின் ஃபியட் 1100 டி காரை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1964 முதல் செய்தது. 1970களின் நடுவில் பத்மினி என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது அதே 1089 சிசி எஞ்சின்: 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), சிலிண்டர்கள் உள்ள வார்ப்பிரும்பு பிளாக், அதை மேலே மூடும் அலுமினிய ஹெட். நட்டு போல்ட்டுகள் மில்லிமீட்டர் அளவு என்பது வீட்டில் வேலை செய்பவருக்குப் பெரிய நிம்மதி. அம்பாசிடர் என்றால் அங்குல ஸ்பேனர் செட் தனியாக வாங்க வேண்டும்.

வாங்கும் முன் முதலில் எதைப் பார்ப்பது?

ஆர்.சி. புத்தகத்தை. வண்டியின் மேல் ஆசை வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் உள்ள எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய கையெழுத்து ஆர்.சி. புத்தகங்களில் பல இன்னும் கணினியில் ஏறாமல் இருக்கின்றன. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, விவரம் வரவில்லை என்றால் அந்த வேலையை முடித்துத் தரும்படி விற்பவரிடமே சொல்லுங்கள். பணம் கைமாறிய பிறகு அந்த அலைச்சல் முழுவதும் உங்களுடையது.

அடுத்தது காந்தம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி. எஞ்சின் ஓடவில்லை என்பதற்காக ஒரு வண்டியை ஒதுக்க வேண்டாம். எஞ்சினைத் தனியாக இறக்கி லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) அனுப்பலாம். பாடி அழுகியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் பாடிக்கு இவ்வளவு முக்கியத்துவம்?

இந்தக் காருக்கு லாரியைப் போலத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. தரைத்தகடு, சில் பெட்டி, கதவுத் தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. சில் பெட்டி அரித்துப்போன வண்டியின் முன்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பூட்டில் உட்காராமல் கொஞ்சம் தூக்கி மூட வேண்டியிருக்கும். கதவு இறங்கிவிட்டது என்பார்கள். பல நேரம் கதவு அப்படியேதான் இருக்கும். வண்டியின் நடுப்பகுதிதான் தொய்ந்திருக்கும்.

கடற்கரை ஊர் வண்டி என்பதால் எங்களுடையது உள்ளிருந்து அரித்திருந்தது. முதல் நாள் ஓட்டுநர் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கினேன். தார்ப் பூச்சு அப்படியே பளபளவென்று இருந்தது. திருப்புளியின் கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டியதும் தார் மட்டும் ஓடாக நின்றது. கீழிருந்த தகடு பொடியாகக் கொட்டியது. அந்த ஓட்டை வழியாகக் கீழே கிடந்த சருகு தெரிந்தது. அப்பா அதன் மேல் காலை வைத்துத்தான் பிரேக் மிதித்திருக்கிறார் என்று நினைத்ததும் அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

அரித்த இடத்தை எப்படிச் சரிசெய்வது?

அழுகியதை வெட்டி எடுத்து, நல்ல தகடு தெரியும் இடம்வரை போய், புதிய தகட்டை வெல்ட் செய்ய வேண்டும். 20 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடு இதற்குப் போதும். பட்டியும் ஃபைபரும் வைத்து மூடுவது பழுதை மறைக்கும் வேலை, பழுது பார்க்கும் வேலை இல்லை. சில் பெட்டியை வெட்டும் முன் இரண்டு காரியங்கள் கட்டாயம். கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கோணத்தை வைத்துத் தற்காலிகமாக வெல்ட் செய்து இறுக்குங்கள். வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தாங்குங்கள். இல்லாவிட்டால் வெட்டிய அன்றே வண்டி வளைந்துவிடும். வளைந்தபடியே புதுத் தகடும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகுதான் மறுபக்கம் போக வேண்டும்.

கேஸ் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகடு நெளியும். சிஓ2 வெல்டிங் உள்ள டிங்கர் (பாடித் தகடு வேலை செய்பவர்) கிடைத்தால் அவரையே வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து இறக்கித் தொலைவில் வையுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் அதை வீட்டில் வெல்ட் செய்ய நினைக்கவே வேண்டாம். காலி டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும்.

மேலோட்டமான துருவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு மாற்றும் திரவம் பூசலாம். சில திரவங்களில் டானின் இருக்கும். பூசியதும் துரு கறுப்பாகும். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் மை கறுப்பதும் இதே வினைதான். சில் பெட்டியின் அடியில் நீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கின்றன. பெயிண்ட் அடிப்பவர்கள் அதை அடைத்துவிடுவார்கள். குத்தித் திறந்து வைக்க மறக்காதீர்கள்.

வீட்டில் என்னென்ன கருவிகள் வேண்டும்?

8 முதல் 19 மி.மீ. வரை ஸ்பேனர், சாக்கெட் செட், திருப்புளிகள், கட்டிங் பிளேயர், சுத்தியல், சின்ன இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், மின்சாரத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டர், சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளக்கும் ஒரு கம்ப்ரஷன் கேஜ். இவற்றோடு தொடங்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் நான்கு ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை இல்லாமல் உடையும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்கூடத் தலையை நீட்டக் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுத்து, திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கட்டுங்கள். நினைவில் இருக்கும் என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து இருக்காது.

பல வருடம் நின்ற எஞ்சினைப் பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டரில் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். சுற்றவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். பலம் காட்டினால் ரிங் உடையும். சுற்றிய பிறகு பழைய ஆயிலை வடித்துப் புதிய ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் மோட்டாரால் சுழற்றி, ஆயில் பிரஷர் வருகிறதா என்று பாருங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை ஒரு சொட்டுகூடப் பயன்படுத்தக் கூடாது.

எஞ்சினை இறக்கிப் போரிங் செய்தே ஆக வேண்டுமா?

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போரிங். பலரும் நேராக இதற்குத்தான் போகிறார்கள். முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. அப்போது ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு லேப்பிங் (வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்துவது) செய்தால் போதும். போரிங் தேவைப்பட்டால் ஓவர்சைஸ் (ஒரு படி பெரிய) பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகு லேத்துக்குப் போங்கள். பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். நான் முதலில் போன பட்டறையில் பிஸ்டன் வருவதற்கு முன்பே கடைந்துவிட்டார்கள். வந்த பிஸ்டன் அதில் தளர்ந்து ஆடியது. அடுத்த சைஸுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கு வீணாய்ப் போனது.

வண்டி மேடு ஏறினால் கொதிக்கிறது. பெரிய ஃபேன் போடலாமா?

இங்கேதான் நான் அடித்துச் சொல்ல விரும்புவது வருகிறது. பழைய வண்டியில் இதை மாற்ற வேண்டும், அதை மாற்ற வேண்டும் என்று எழும் ஆசைகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே இருக்கும் பாகத்தை யாரும் சரியாகப் பழுது பார்க்காததால் எழுபவை.

போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓடிய ரேடியேட்டரில் உப்பு படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். வண்டி சூடேறியதும் எஞ்சினை நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டரின் முகப்பில் உள்ளங்கையை அருகில் கொண்டுபோய் நகர்த்துங்கள். சூடு வராத திட்டுகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தருவார்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளின் பழைய வழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். ஆயில் கெடும், தேய்மானம் கூடும். மறுபடியும் பொருத்துங்கள். ஹெட் அலுமினியம் என்பதால் வெறும் தண்ணீர் அதை அரிக்கும். கூலன்ட்டை மினரல் நீக்கிய தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். ஒருமுறை நன்றாகக் கொதித்த ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டை மாற்றும் முன் ஹெட்டின் முகம் சமமாக இருக்கிறதா (ஃபேசிங்) என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. எல்.இ.டி. பல்பு போடலாமா?

மல்டிமீட்டரை எடுத்து, லைட் எரியும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பின் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். எங்கள் வண்டியில் பேட்டரியில் 12.6, பல்பில் 10.5. மீதி வோல்ட்டை நாற்பது வருடப் பழைய வயரும் சுவிட்சும் தின்றுவிட்டன. வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சாதாரண பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர் போகிறது. அத்தனையும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாக. இரண்டு ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), ஒரு ஃப்யூஸ், கொஞ்சம் தடித்த வயர் போட்டுப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தேன். அதே பல்பு பளீரென்று எரிந்தது. எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்குவதும் இதே அளவு முக்கியம்.

வயரின் மேலுறை வெடித்திருந்தால் ஒட்டுப் போட வேண்டாம். முழு வயரிங்கையும் மாற்றுங்கள். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்குப் பழைய வயரும் பழைய பெட்ரோல் ஹோஸும்தான் பெரிய காரணங்கள்.

பிரேக் பிடிக்கவே இல்லை. டிஸ்க் பிரேக்குக்கு மாற்றலாமா?

நான்கு சக்கரத்திலும் டிரம்தான். இவ்வளவு எடை குறைந்த வண்டிக்கு, சரியாகச் செட் செய்த டிரம் போதுமானது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் அத்தனையும் புதிதாகப் போடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்காவது ஓரிடம் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். ஆகவே இங்கே சிக்கனம் வேண்டாம். ரப்பர் பாகங்களை பெட்ரோலில் கழுவினால் ஊதிவிடும். பிரேக் ஆயிலில் மட்டுமே கழுவுங்கள்.

டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை (லைனிங் ஒட்டிய வளைந்த பட்டை) புதிதாகப் போட்டும் பிடிக்கவில்லை என்றால், டிரம்மின் உட்புறத்தில் சாக்பீஸைத் தேய்த்து, மாட்டி, பிரேக்கை லேசாக மிதித்தபடி ஒரு சுற்று சுற்றிக் கழற்றிப் பாருங்கள். லைனிங்கின் நடுவில் மட்டும் வெள்ளை படிந்திருந்தால் மீதி இடம் டிரம்மைத் தொடவே இல்லை. லைனிங்கை வளைவுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவதுதான் வேலை. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். தூளை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் டிஸ்க் வேண்டுமென்றால், முன் பின் பிரேக்கின் சமநிலையைக் கணக்கிடத் தெரிந்தவரிடம் மட்டும் போங்கள்.

ஸ்டியரிங்கில் உள்ள கியரைத் தரைக் கியராக மாற்றலாமா?

கியர் இடறுகிறது என்பதுதான் காரணமென்றால், இணைப்புக் கம்பிகளின் மூட்டுகளில் உள்ள சிறு வளையங்களான புஷ்களை மாற்றுங்கள். தேய்ந்த புஷ் போட்டு ஓட்டிவிட்டு கியர் மோசம் என்று சொல்வது அந்த வண்டிக்குச் செய்யும் அநியாயம். புதுப் புஷ்ஷோடு இரண்டு விரலில் கியர் விழும்.

அப்படியானால் எந்த மாற்றத்தைத்தான் ஒப்புக்கொள்வீர்கள்?

உயிரைக் காப்பதும், திரும்பக் கழற்றக்கூடியதும். சீட் பெல்ட் முதலில். தகட்டில் வெறுமனே துளையிட்டு மாட்டினால் மோதலில் பிய்ந்துவரும்; பின்னால் தடித்த இரும்புப் பட்டை வைத்து, சீட் பெல்ட்டுக்கென்றே வரும் உறுதியான போல்ட்டில் இறுக்க வேண்டும். பிளக்கில் தீப்பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லது. பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் டிக்கியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டைனமோ உள்ள வண்டிக்கு ஆல்டர்னேட்டர் நல்லது. தீயணைப்பான் கட்டாயம். ஏ.சி. கேட்பவர்களுக்கு: இந்தச் சின்ன எஞ்சினிடமிருந்து கம்ப்ரஸர் எடுக்கும் பலத்தை முதல் மேட்டிலேயே உணர்வீர்கள். நான் போடவில்லை. அகலமான அலாய் சக்கரம் ஸ்டியரிங்கைக் கனமாக்கும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னைச் சீக்கிரம் தின்னும்.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

இது நியாயமான கவலை. 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவற்றையும் சேர்த்து. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்க விடாதீர்கள். எத்தனால் அதிகமானால் கலவை மெலியும். எஞ்சின் தயங்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவை ஒரு படி கூட்ட வேண்டியிருக்கலாம். ஆனால் ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் போயிற்று.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. கோவையில் லேத் வேலைக்குக் குறைவில்லை. கிடைக்காத புஷ்ஷை அளவு சொல்லிக் கடைந்து வாங்கலாம். மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகளில் கடைசியானது 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. ரப்பர் பீடிங் (கதவு, கண்ணாடி ஓர ரப்பர்), கிங்பின் செட், வீல் சிலிண்டர் போன்றவற்றைக் கிடைக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது. கடைக்குப் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

பெயிண்டை வீட்டிலேயே அடிக்கலாமா?

தேய்ப்பது, பட்டி பார்ப்பது, பிரைமர் எல்லாம் வீட்டில் செய்யலாம். கடைசிப் பூச்சுக்கு பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்றால் அதற்குரிய அறைக்குக் கொண்டுபோங்கள். அதன் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதற்குப் போதாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டை வீட்டில் அடிக்கலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஈரக்காற்றில் வெள்ளைப் படலம் பூத்துவிடும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

மாற்றங்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வேறு எஞ்சின் ஏற்றுவது, கூரையை வெட்டுவது போன்ற எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குத் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை, 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், 10 ஆண்டு செல்லும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதியே கிடையாது. இன்று ஆசைக்கு வெட்டுகிறவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

எவ்வளவு காலமும் பணமும் ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்தால் வருடங்களில் கணக்கு வையுங்கள். என் கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் டிங்கரிங், வெல்டிங், பெயிண்ட் செலவு. எஞ்சின் அதற்கு அடுத்துத்தான். பாடி, பிரேக், ஸ்டியரிங், வயரிங், எஞ்சின், கடைசியாக சீட்டும் குரோமியமும் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பெயிண்ட்டை முதலில் அடித்துவிட்டு வெல்டிங் செய்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு முறை பெயிண்டுக்குப் பணம் கொடுத்தார்கள்.

முடித்த பிறகு எப்படிப் பராமரிப்பது?

வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை, குறைந்தது அரை மணி நேரம். கிங்பின் நிப்பிள்களில் தவறாமல் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். மழையில் ஓட்டினால் தரைவிரிப்பைத் தூக்கிக் காயவிடுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டு கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், பச்சையாக இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு நேர் கீழே தெளிவான சொட்டு தெரிந்தால் அது பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பது அப்பாவின் வேலை. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார், விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பார், பிறகுதான் சாவியைக் கொடுப்பார்.